நெட் வரலன்னா ஏபிஎன் கைல போடறதா, நெட்வொர்க் ரீசெட் பண்றதா?

புது போன்ல சிம் போட்டா டவர் ஃபுல்லா காட்டுது, கால் போகுது, நெட் மட்டும் வரமாட்டேங்குது. இங்க பெங்களூருல மடிவாளா, முருகேஷ்பாளையா பக்கம் பிஜில தங்கியிருக்கற நம்ம பசங்க கடைக்குப் போனா, அங்க முதல்ல பண்ணித் தர்றது நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்தான். என்னைக் கேட்டா அதை கடைசிலதான் தொடணும்.

ரீசெட் பண்ணா ஏபிஎன் (ஆக்சஸ் பாயின்ட் நேம், அதாவது போனை சிம் கம்பெனியோட நெட்ல சேக்கற செட்டிங்) சரியாகலாம், ஒத்துக்கறேன், ஆனா கூடவே சேவ் பண்ணி வச்ச வைஃபை பாஸ்வேர்டு, ப்ளூடூத்ல சேர்த்த இயர்பட்ஸ் எல்லாம் போயிடும், அப்புறம் பிஜி ஓனர்கிட்ட பாஸ்வேர்டு கேட்டு, ஆபீஸ்ல ஐடி டீம்கிட்ட நின்னு... ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்ளோ அலைச்சல் எதுக்குங்க?

ஆண்ட்ராய்டுல மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸ்குள்ள ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்னு இருக்கும், அங்க மூணு புள்ளிய தொட்டா ரீசெட் டு டிஃபால்ட் வரும். இது ஏபிஎன்ன மட்டும்தான் பழையபடி ஆக்கும், வைஃபை பக்கம் போகவே போகாது. முதல்ல இதைப் பண்ணுங்க, நிறைய போன்ல இதுலயே முடிஞ்சிடும்.

அப்பவும் வரலன்னா கைல போடறதுதான் பெஸ்ட். நேம்ல என்ன வேணா போடலாம், ஏபிஎன் கட்டத்துலதான் கவனம் வேணும்: ஜியோன்னா ஜியோநெட், ஏர்டெல்னா ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம், பிஎஸ்என்எல்னா பிஎஸ்என்எல்நெட், எல்லாமே இங்கிலீஷ் சின்ன எழுத்துல, நடுவுல இடைவெளி இல்லாம. யூசர்நேம், பாஸ்வேர்டு காலியாவே இருக்கட்டும். ப்ரோட்டோகால்ல ஐபிவி4/ஐபிவி6 ரெண்டும் சேர்ந்தது வைங்க, ஜியோ பெரும்பாலும் ஐபிவி6லதான் ஓடுது. எல்லாம் டைப் பண்ணிட்டு மூணு புள்ளிக்குள்ள போய் சேவ் கொடுக்கணும், நிறைய பேர் பேக் அமுக்கிட்டு வந்துடறாங்க. சேவ் பண்ணதுக்கப்புறம் லிஸ்ட்ல புதுசா வந்த பேருக்குப் பக்கத்துல இருக்கற வட்டத்தையும் தொடணும், இல்லன்னா பழசுதான் ஓடிட்டிருக்கும்.

ரெண்டு சிம் போட்டிருந்தா டேட்டாவுக்கு எந்த சிம்னு பாருங்க. மேல ஆர்னு எழுத்து வந்தா டேட்டா ரோமிங் ஆன் பண்ணிப் பாருங்க. 2016ல வந்தப்பவே ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது, அதனால போன் 3ஜில லாக் ஆகியிருந்தா ஏபிஎன்ல என்ன பண்ணாலும் வராது.

ஐபோன்ல கதை வேற. மொபைல் டேட்டாவுக்குள்ள மொபைல் டேட்டா நெட்வொர்க்னு இருந்தா அங்க போடலாம், சேவ் பட்டன் கிடையாது, பின்னாடி வந்தாலே பதிஞ்சிடும். ஆனா சில சிம்முக்கு அந்த இடமே காட்டாது, அப்ப வைஃபைல இருந்துக்கிட்டு ஜெனரல், அபவுட் போய் கொஞ்ச நேரம் வெயிட் பண்ணுங்க, கேரியர் அப்டேட் (சிம் கம்பெனி அனுப்பற செட்டிங்ஸ்) இருந்தா தானா கேக்கும். அதுவும் வரலன்னா மட்டும் ரீசெட், அதுக்கு முன்னாடி வைஃபை பாஸ்வேர்டுங்கள ஒரு பேப்பர்ல எழுதி வச்சிக்கங்க.