கைப்பம்ப் பிளீடர்: இளகின பிரேக்குக்கு எவ்வளவு உதவும்?

பெடல் மிதிக்க இன்னொரு ஆள் தேவையில்லை. பிரேக் லைனில் உள்ள காற்றையும் பழைய ஒயிலையும் கைப்பம்பால் உறிஞ்சி எடுக்கும் இந்த வக்யூம் பிளீடரின் பெரிய வசதி அதுதான். ஆனால் காசு கொடுக்க முன் பெடலைச் சோதியுங்கள். எஞ்சினை ஓடவிட்டு அழுத்திப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே போய், வெளியே ஒழுக்கும் இல்லையென்றால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதிக்க ஒயிலைத் தள்ளும் பாகம்) உள் சீல் போய்விட்டது. அதற்குப் பிளீடர் உதவாது. இரண்டு மூன்று தரம் அடிக்க ஏறி வந்தால் லைனில் காற்று, அல்லது பின் சக்கர டிரம்மில் உரசிப் பிடிக்கும் சூ தளர்வு. சூவை முதலில் இறுக்குங்கள்.

பம்பின் குறை: சக்கரத்தடியில் காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகான நிப்பிளைத் தளர்த்தியதும் மரை வழியாகவும் காற்றை இழுக்கும். ரியூப்பில் குமிழி ஓயாது, ஒயில்தான் வீணாகும். மரையடியில் சிலிக்கன் கிரீஸ் பூசி, கால் சுற்று மட்டும் திறந்தால் குமிழி குறையும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்துக் கடற்காற்றில் நிப்பிள் துருவேறி இறுகியிருக்கும். முதல் நாளே துருநீக்கி அடித்துவிட்டு, ஆறுமூலை ரிங் ஸ்பனரால் திறவுங்கள். திறந்த வாய் ஸ்பனர் மூலையை வழித்துவிடும்.

டொட் 4 தர பிரேக் ஒயில் புதிதில் குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சியபின் அது 155 வரை இறங்கலாம். ஆகவே திறந்து வைத்த பழைய போத்தல் வேண்டாம். பிரேக் ஒயில் டாங்கியில் மட்டம் கீழ்க்கோட்டைத் தாண்டி இறங்கினால் மறுபடி காற்றுப் புகும். ஒயில் பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.