கொடைக்கானலா, காரைக்குடியா, கீழக்குயில்குடியா? மதுரையை விட்டுக் கிளம்பும் இருவரின் கணக்கு

மதுரையை விட்டுக் கிளம்பப் போகிறோம் என்ற செய்தி பரவியதுமே ஆளாளுக்கு ஓர் ஊரைச் சொன்னார்கள். ஆரோவில், திருவண்ணாமலை, வர்க்கலா, கோவா. எல்லாம் நல்ல ஊர்கள்தான். ஆனால் இரு வீட்டிலும் வயதானவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி போன் வந்தால் விடிவதற்குள் மதுரை வந்து சேர வேண்டும். அதனால் எங்கள் வட்டம் மூன்று, மூன்றரை மணி நேரப் பயணத்துக்குள் சுருங்கிவிட்டது.

தேடியதும் பெரிதாக ஒன்றுமில்லை. அவசரமில்லாத ஊர், வரைகிறவர்கள் எழுதுகிறவர்கள் நாலு பேர் பேச்சுக்குக் கிடைக்கிற ஊர், பக்கத்து வீட்டுக்காரர் நம்மையே வேடிக்கை பார்த்துப் பொழுதைப் போக்காத ஊர். என் மனைவி சிறுவர் புத்தகங்களுக்கு நீர்வண்ணத்தில் படம் வரைகிறவள், நான் மொழிபெயர்ப்பாளன். இணைய இணைப்பு இருந்தால் எங்கள் இருவருக்கும் பிழைப்பு ஓடும்.

முதலில் கொடைக்கானல். மதுரை வெயில் தாங்காத அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-லேயே மேலே ஏறி பங்களா கட்டிக்கொண்ட இடம். அவர்கள் குழந்தைகளுக்காக 1901-ல் தொடங்கிய பள்ளி இன்று சர்வதேசப் பள்ளியாக நிற்கிறது. வெளியூர்க்காரர்களைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால், நீ யார், எதற்கு வந்தாய் என்று யாரும் குடைய மாட்டார்கள். பக்கத்திலேயே இருக்கும் வட்டக்கானல் இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே. ராணுவச் சேவை முடித்த இஸ்ரேல் இளைஞர்கள் வருடக்கணக்காக வந்துபோன சரிவு அது. ரொட்டிக் கடையில் ஹம்மஸ் என்ற கொண்டைக்கடலை விழுது கிடைக்கும், யாராவது ஒருவர் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார். ஒரு பெண் தனியாகக் காபிக் கோப்பையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்தாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த ஒன்றுக்காக மட்டுமே அவள் கொடைக்கானலுக்கு நிறைய மார்க் போட்டாள்.

ஆனால் அங்கே குடியிருப்பது வேறு விஷயம். வட்டக்கானலில் பல வீடுகளுக்கு வண்டி போகாது. கேஸ் சிலிண்டர் சரிவில் தோளேறித்தான் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி காயாது, தோல் பையில் பூஞ்சை பூக்கும். அவளுக்கு இதில் பெரிய தலைவலி தாள்தான். ஈரக் காற்றில் தாள் நெளிந்துவிடும், முதல் பூச்சு காயாமல் அடுத்த வண்ணத்தை வைக்க முடியாது. காலையில் அவள் தாளில் தீட்டத் தொடங்கிய வானம் சாயங்காலம் வரை ஈரமாகவே கிடந்ததை நானே பார்த்தேன். இருட்டினால் காட்டுமாடு தெருவில் நிற்கும், அதற்கு வழிவிட்டுத்தான் போக வேண்டும்.

வாடகைக் கதை தனி. சீசனில் ஒரு நாளைக்கு விடுதிக்காரருக்குக் கிடைப்பதை மாத வாடகையில் யார் தருவார்கள்? அதனால் வருடம் முழுக்க இருக்கிறேன் என்று சொல்கிறவரை வீட்டுக்காரர் கொஞ்சம் சலிப்போடுதான் பார்க்கிறார். சித்திரை, வைகாசியில் மலைப்பாதை திணறுகிறது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததே அந்த நெரிசலால்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் பார்க்க வரும் அம்மா அப்பாவுக்கு வண்டி எண்ணைப் பதிந்து பாஸ் எடுக்க வேண்டும். கொடைக்கானலின் சாவகாசம் வந்துபோகிறவர்களுக்கானது. அங்கேயே இருப்பவர்கள் அந்தச் சாவகாசத்துக்குச் சேவகம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மலைதான் வேண்டும் என்றால் நான் தாண்டிக்குடியைச் சொல்வேன். வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற பாதை. காபியும் மிளகும் விளைகிற கீழ்ப் பழனி மலை. கூட்டமும் குளிரும் குறைவு. பேச்சுத் துணையும் குறைவு என்பதால்தான் நாங்கள் அங்கே நிற்கவில்லை.

காந்திகிராமத்தையும் சிலர் சொன்னார்கள். காந்தியவாதிகளான சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் கிராமக் கல்விக்காக 1947-ல் தொடங்கிய இடம், சிறுமலை அடிவாரம், பக்கத்தில் சின்னாளபட்டி. மனசுக்கு இதமான இடம்தான். ஆனால் ஒழுங்கும் மணியோசையுமாக நடக்கிற இடத்தில் எங்களைப் போல பத்து மணிக்கு எழுகிறவர்கள் என்ன செய்வது?

அடுத்தது கீழக்குயில்குடி. கிளம்புவதே இல்லை என்ற யோசனைக்குப் பக்கத்தில் இருக்கும் யோசனை இது. தேனி ரோட்டில் நாகமலைப் பக்கம், நகரத்திலிருந்து அரை மணி நேரம். சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். மலையின் செட்டிப்புடவுக் குகையில் ஆயிரம் வருடத்துக்கு மேலாகச் சமணத் தீர்த்தங்கரர் சிலையாக அமர்ந்திருக்கிறார். பழைய வரலாற்று இடங்களைப் பார்க்கக் கூட்டமாகப் போகும் பசுமை நடைக்காரர்களோடு மலையேறினால் ஓவியர், ஆசிரியர், ஐடி ஊழியர் என்று எல்லாரும் கிடைப்பார்கள். பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஊருக்குள் வாடகை வீடு அரிது. ஊரும் சொந்தபந்தமாக வாழ்கிற ஊர், புதிதாக வருகிறவர் யார் வீட்டு ஆள் என்று தெரிந்தாக வேண்டும். பல்கலைக்கழக ஆட்கள் புழங்கும் நாகமலை புதுக்கோட்டையில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அங்கே மதுரையின் ஹாரன் சத்தம் கூடவே வந்துவிடும்.

கடைசியாகக் காரைக்குடி. யாருமே சொல்லாத ஊர், நாங்களாகப் பட்டியலில் சேர்த்தது. மேலூர், திருப்பத்தூர் வழியாக 90 கிலோமீட்டர் போல வரும், இரண்டு மணி நேரம் போதும். ஹம்மஸும் கிட்டாரும் இங்கே கிடையாது. ஆனால் சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் இன்னும் விழா எடுக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகமும் மின்வேதியியல் ஆய்வகமும் இருப்பதால் படித்த கூட்டமும் வெளி மாநில முகங்களும் உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய நிலை, கதவு, இனாமல் தூக்குவாளி என்று கடை கடையாகப் பார்த்துக்கொண்டே அரை நாள் போய்விடும். பக்கத்தில் ஆத்தங்குடி, வண்ணத் தரைக்கல் செய்கிற ஊர். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, பிரிவு பிரிவாக வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். தண்ணீரில் ஊறிக் காய்ந்த பிறகு கல் கண்ணாடியிலிருந்து வழுவழுவென்று கழன்று வருகிறது. சூளையே கிடையாது. அவள் அங்கே நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஊர் இப்படி மெதுவாக இருக்கக் காரணமும் இருக்கிறது. பர்மா, மலாயா வியாபாரத்தில் செட்டியார்கள் எழுப்பிய பெரிய வீடுகள்தான் இங்கே தெருத் தெருவாக நிற்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பர்மா தொழில் போனது, குடும்பங்கள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயின. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளும் வீடுகள் கல்யாணத்துக்கு மட்டும் திறக்கின்றன. இடம் நிறைய, ஆள் குறைவு. சுண்ணாம்புச் சுவரும் உள் முற்றமும் சித்திரை வெயிலைப் பாதியாவது குறைக்கும். மீதிப் பாதியைத் தாங்கித்தான் ஆக வேண்டும். அந்த வெயில் மதுரைக்குச் சளைத்ததில்லை.

குறையும் சொல்ல வேண்டும். வீடு ஒன்று என்றால் பங்காளிகள் பலர். ஒருவர் சரி என்றால் சிங்கப்பூரில் இருக்கும் இன்னொருவர் யோசிப்பார். தரகர் வாடகையைச் சொல்வதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுக? அசைவம் பொழங்குவீகளா?" என்று கேட்டார். அப்புறம் அவள் கழுத்தைப் பார்த்து, "தாலி எங்கம்மா?" என்றார். எங்களுடையது சுயமரியாதைத் திருமணம், அண்ணா ஆட்சியிலேயே சட்டம் ஏற்றுக்கொண்டது என்று அவள் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போனார். கொடைக்கானலில் இந்தக் கேள்வி வரவே வராது. சாயங்காலம் அவள் தனியாக உட்காரத் தோதான கடையும் காரைக்குடியில் எங்கள் கண்ணில் படவில்லை. டீக்கடை பெஞ்சு முழுக்க ஆண்கள்தான்.

இத்தனைக்கும் பிறகு என் ஓட்டு காரைக்குடிக்கு. யாரும் எதுவும் கேட்காததுதான் முக்கியம் என்கிறவர்கள், தனியாக வருகிறவர்கள், ஆறு மாதம் இருந்தால் போதும் என்கிறவர்கள் கொடைக்கானலுக்குப் போகலாம். நண்பர்களை விட முடியாதவர்களுக்கு நாகமலைப் பக்கம். வருடக்கணக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்யப் போகிற இருவருக்கு, தாள் காய்கிற, வாடகை சீசனுக்கு ஏறாத ஊர் வேண்டும். தரகரின் கேள்விகள் முதல் மாதத்தோடு ஓய்ந்துவிடும், மூட்டம் வருடா வருடம் வரும் என்பது என் கட்சி. கேள்விகள் ஓயாது, கேட்கிற ஆள்தான் மாறுவார் என்பது அவள் கட்சி. இருந்தாலும் ஆத்தங்குடிக்காகச் சம்மதித்திருக்கிறாள்.

பங்காளிகள் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு வீட்டின் இரண்டாங்கட்டு கிடைத்திருக்கிறது, பதினொரு மாத ஒப்பந்தம். வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். அவர்கள் வீட்டில் கல்யாணம் வந்தால் மூன்று நாளைக்கு முற்றத்தையும் அடுப்படியையும் விட்டுக் கொடுக்க வேண்டும். சாப்பாடு அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.