20,000 மணி நேரம் ஓடிய லோடர்: கியர் பாக்ஸை இரண்டு முறை பிரித்துக் கட்டிய அனுபவம்

கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் நாங்கள் நடத்தும் ஜல்லி கிரஷரில் ஒரு வீல் லோடர் ஓடுகிறது. 3 கன மீட்டர் பக்கெட், முன்னே 4 கியர், பின்னே 3 கியர், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கடத்தும் பாகம்) வைத்த பவர்ஷிஃப்ட் கியர் பாக்ஸ். 2016-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது மீட்டரில் 7,000 மணி நேரம் இருந்தது. இப்போது 20,000-ஐத் தாண்டிவிட்டது. இடையில் கியர் பாக்ஸை இரண்டு முறையும் முன் ஆக்ஸிலை ஒரு முறையும் பிரித்துக் கட்டியிருக்கிறோம். முதல் முறை கட்டியது 740 மணி நேரம்தான் நின்றது. இரண்டாவது முறை கட்டியது 8,000 மணி நேரம் கடந்தும் ஓடிக்கொண்டிருக்கிறது. கிளட்ச் தட்டு, சீல், பேரிங் எல்லாம் இரண்டு முறையும் ஒரே தரம்தான். பிறகு எதனால் இவ்வளவு வித்தியாசம்? அதைத்தான் எழுதுகிறேன்.

2019 ஜூனில் தொடங்கியது. காலையில் வண்டி எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்யும். மதியம் சூடு ஏறியதும் ஜல்லிக் குவியலில் பக்கெட்டை விட்டால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. ஆபரேட்டர் வந்து, "அண்ணா, ஃபார்வர்டு போட்டா யோசிச்சு யோசிச்சுப் போகுது. ரிவர்ஸ் மட்டும் சுண்டி எடுக்குது" என்றார். நோய் எங்கே என்பது அந்த ஒரு வரியிலேயே இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை.

இந்த வகை கியர் பாக்ஸில் ஒவ்வொரு கிளட்ச்சையும் ஆயில் அழுத்தம்தான் பிடித்து வைக்கிறது. எங்கள் வண்டிக்குக் கையேடு சொல்லும் அழுத்தம் 16 முதல் 18 பார். சுழலும் ஷாஃப்டுக்குள் அந்த ஆயில் போகும் வழியைச் சின்னச் சின்ன ரிங்குகள் அடைத்து நிற்கின்றன. ரிங் தேய்ந்தால் ஆயில் கசியும். காலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் கசிவு குறைவு, கிளட்ச் பிடித்துக்கொள்ளும். சூடாகி இளகியதும் கசிவு கூடி, அழுத்தம் இறங்கி, தட்டுகள் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. இந்தச் சுழற்சி ஒரு மாதத்தில் தட்டுகளைத் தின்றுவிடும்.

முதலில் ஒரு பட்டறையில் கொடுத்தோம். அவர்கள் அழுத்தம் எதையும் அளக்கவில்லை, நேராக இறக்கிப் பிரித்தார்கள். கருகிப் போன ஃபார்வர்டு கிளட்ச் தட்டுகள், சீல் கிட், மூன்று பேரிங் மாற்றினார்கள். ஆயில் கூலரில் டீசல் ஊற்றிக் குலுக்கி, காற்றடித்துத் திரும்ப மாட்டினார்கள். 2,10,000 ரூபாய், மூன்று மாதம் வாரண்டி. அந்த வருட டிசம்பரில் அதே நோய் மறுபடி வந்தது. வாரண்டி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அப்புறம்தான் ஒரு பெரியவரைப் பிடித்தோம். நெய்வேலி சுரங்கப் பட்டறையில் டோசர், டம்பர் என்று முப்பது வருடம் பார்த்து ஓய்வு பெற்றவர். வந்ததும் ஸ்பேனரை எடுக்கவில்லை. அழுத்தம் அளக்கும் கேஜைக் கேட்டார். ஆயிலை நன்றாகச் சூடாக்கி, டெஸ்ட் போர்ட்டில் கேஜை மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நியூட்ரலில் 16.5 பார். ரிவர்ஸில் 16. ஃபார்வர்டில் 11.

"பம்ப்பு, வால்வு எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. எல்லாத்துலயும் அழுத்தம் கம்மியா இருந்தாத்தான் அதுங்கள சந்தேகப்படணும். ஒண்ணுல மட்டும் கம்மின்னா அந்தக் கிளட்ச்சுக்குப் போற வழியில ஒழுகுது."

அடுத்து பழைய ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தைப் பிரித்துச் செய்தித்தாள் மேல் வெயிலில் விரித்தார். ஆயில் வடிந்ததும் காகிதம் முழுக்கப் பொன் துகள் மாதிரி மின்னியது. கிளட்ச் தட்டின் மேல் படிந்திருக்கும் வெண்கல உராய்வுப் பொருள் அது. காந்தத்தை மேலே ஓட்டினார், ஒட்டவில்லை. "இரும்பு இல்ல, அப்ப கியர் பல்லு தப்பிச்சுது" என்றார்.

கியர் பாக்ஸைப் பிரித்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, ரிங் ஓடும் போரில் (துளையின் உள்சுவரில்) விரல் நகத்தை வைத்து இழுத்தால் மூன்று இடத்தில் தட்டியது. பழைய ரிங் அரைத்த பள்ளம். முன்பு கட்டியவர்கள் அந்தப் பள்ளத்தின் மேலேயே புது ரிங் போட்டிருக்கிறார்கள். புது ரிங் அங்கே எப்படி அடைக்கும்? எத்தனை கிட் மாற்றினாலும் ஒழுகத்தான் செய்யும்.

இரண்டாவது கூலர். எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆயில் ஓடும் வரிசையைப் பாருங்கள். பம்பிலிருந்து ஃபில்டர், அங்கிருந்து கன்வெர்ட்டர், அப்புறம் கூலர், கூலரிலிருந்து நேராக பேரிங்குக்கும் கிளட்ச் தட்டுகளுக்கும் லூப்ரிகேஷன். கூலருக்குப் பிறகு ஃபில்டர் கிடையாது. பழைய தட்டு கருகியபோது உதிர்ந்த தூள் கூலருக்குள் தங்கியிருந்தால், புதிதாகப் போட்ட பேரிங் மேல்தான் முதலில் போய் விழும். பெரியவர் அந்தப் பழைய கூலரை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். இரண்டு தகடுகளுக்கு நடுவே மை போல ஒரு கறுப்புப் பசை, அதற்குள் அதே பொன் மினுக்கம். டீசல் ஊற்றிக் குலுக்கினால் இது வெளியே வராது. கூலரும் நான்கு ஹோஸும் புதிதாக வாங்கினோம். கூலர் மட்டும் 38,000 ரூபாய். கசந்தது. ஆனால் முதல் முறையே இதைச் செய்திருந்தால் இரண்டு லட்சம் மிச்சமாகியிருக்கும்.

தேய்ந்த போரைக் கோவையில் ஒரு பட்டறையில் ஸ்லீவ் (உள்ளே செருகும் உலோகக் குழாய்) இறக்கி அளவுக்குக் கொண்டு வந்தோம். திரும்பக் கட்டும் வேலை ஆறு நாள் நடந்தது. ஒவ்வொரு ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தையும் டயல் கேஜ் வைத்துப் பார்த்து, கையேட்டின் அளவுக்குள் வரும்வரை ஷிம்மை (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகட்டை) மாற்றினார். ஒரு ஷாஃப்டுக்கு மூன்று முறை கழற்றி மாட்டினார். கிளட்ச் பேக்கில் தட்டுகளுக்கு இடையே விட வேண்டிய இடைவெளியும் அப்படித்தான். மூடுவதற்கு முன் ஒவ்வொரு கிளட்ச் வழியிலும் காற்றடித்தார். பிஸ்டன் நகர்ந்து தட்டை அழுத்தும்போது "டப்" என்று ஒரு சத்தம் வரும். சீல் எங்காவது மடங்கியிருந்தால் "ஸ்ஸ்" என்று இரையும். ஒரு கிளட்ச் இரைந்தது. மறுபடி பிரித்துப் பார்த்தால் சீல் ஓரத்தில் மயிரிழை அளவு வெட்டு. அதை அப்படியே மூடியிருந்தால் 2020-ல் மூன்றாவது முறை இறக்கியிருப்போம்.

மொத்தம் 4,60,000 ரூபாய் ஆனது. புது அசெம்பிளிக்கு அன்று எங்களுக்குச் சொன்ன விலை 13 லட்சம். 2020 ஜனவரியில் வண்டி வேலைக்கு இறங்கியது. 100 மணி நேரத்தில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றினோம், அதற்குப் பிறகு 1,000 மணி நேரத்துக்கு ஒரு முறை. மாற்றும் ஒவ்வொரு முறையும் ஃபில்டரை வெட்டி வெயிலில் விரிப்பதை நானே செய்கிறேன்.

ஆயில் மட்டம் பார்ப்பதில்கூட நாங்கள் தப்பு செய்துகொண்டிருந்தோம். காலையில் இன்ஜினை எடுப்பதற்கு முன் டிப் ஸ்டிக்கைப் பார்ப்பது வழக்கம். இன்ஜின் நின்றிருக்கும்போது கன்வெர்ட்டரிலும் கூலரிலும் இருக்கும் ஆயில் கீழே இறங்கிவிடும், அதனால் மட்டம் கூடுதலாகக் காட்டும். ஓடும்போது உண்மையில் குறைந்திருக்கும், பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ஆயில் சூடாகி, வண்டி நியூட்ரலில் ஐடிலில் ஓடும்போது பார்த்தால்தான் சரியான மட்டம்.

இந்த ஐந்தாறு வருடத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பின் அவுட்புட் சீல் ஒழுகியது, மாற்றினோம். எட்டு மாதத்தில் மறுபடி ஒழுகியது. மூன்றாவது முறை சீல் வாங்கப் போகும்போதுதான் பிரீதரை (கியர் பாக்ஸ் காற்று வெளியேறும் சிறு மூடியை) கழற்றிப் பார்க்கத் தோன்றியது. கல் மாவு அடைத்து சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. உள்ளே சூடாகிய காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்த பிறகு அந்த சீல் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது. சித்திரை, வைகாசியில் கியர் பாக்ஸ் சூடு 110 டிகிரியைத் தொட்டால் முதலில் ரேடியேட்டர் பக்கம் போய்ப் பாருங்கள். கிரஷர் தூசி இரண்டு நாளில் அடைத்துவிடும்.

ஆபரேட்டரின் கை ரொம்ப முக்கியம். வண்டி முன்னே ஓடிக்கொண்டிருக்கும்போதே முழு ஆக்சிலேட்டரில் ரிவர்ஸ் போடும் பழக்கம் எங்களிடம் இருந்தது. வண்டியின் எடையை நிறுத்தித் திருப்பும் வேலை முழுவதும் அந்தத் தட்டுகளின் மேல் விழுகிறது. பழைய ஃபில்டர் காகிதத்தை ஆபரேட்டரின் கையிலேயே கொடுத்துக் காட்டினேன். அடுத்த நாளிலிருந்து பிரேக் மிதித்து, ஆக்சிலேட்டரை விட்டு, அப்புறம்தான் மாற்றுகிறார்.

2022-ல், 15,100 மணி நேரத்தில், முன் ஆக்ஸில் ஊளையிட ஆரம்பித்தது. 2021 ஏப்ரலிலிருந்து சக்கரம் வைத்த கட்டுமான இயந்திரங்களுக்கு ஸ்டேஜ் 4 புகை விதி வந்துவிட்டதால் புது லோடரின் விலை எங்கள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயிருந்தது. அதே பெரியவரை அழைத்தேன்.

பினியன் (ஆக்ஸிலுக்குள் சுழற்சியைக் கொண்டு வரும் சிறு கியர்) பேரிங்கில் பொரிப்பொரியாகக் குழி, அதனால் பினியன் ஆடி, அதோடு சேரும் பெரிய கியரான கிரவுனின் பல் ஓரமாகக் கடித்திருந்தது. பினியனை மட்டும் மாற்றலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தப்பட்ட ஜோடி, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஜோடியாகவே வாங்கினோம். பினியன் பேரிங்கின் இறுக்கத்தைப் பார்க்க அவர் செய்தது எனக்கு மறக்காது. பினியன் நுனியில் இருக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்சில் சணல் கயிற்றைச் சுற்றி, நுனியில் ஸ்பிரிங் தராசை மாட்டி மெதுவாக இழுத்தார். பினியன் சீராகச் சுழலும்போது தராசின் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதை ஃபிளாஞ்சின் ஆரத்தோடு பெருக்கிக் கையேட்டோடு ஒப்பிட்டார். அப்புறம் கிரவுன் பல்லில் நீலப் பசை தடவிச் சுற்றினார். கடித்த தடம் முதலில் பல்லின் அடியில் விழுந்தது. ஷிம்மை மாற்றி, மூன்றாவது சுற்றில் நடுவுக்கு வந்தது. அதன் பிறகுதான் மூடினார்.

பேரிங் ஏன் போனது? காரணம் டயர் என்றார். முந்தின வருடம் முன்னே இரண்டு புது டயர் போட்டு, பின்னே தேய்ந்ததையே விட்டிருந்தோம். நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டியில் முன்பின் டயரின் சுற்றளவு ஒன்றாக இல்லையென்றால், இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே ஓடும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கு தளர்ந்துவிடும். எங்கள் ஹாப்பர் (கல்லைக் கொட்டும் தொட்டி) ரேம்ப் கான்கிரீட், அங்கே தளர வழியில்லை. அந்த வாரமே பின் டயர்களையும் மாற்றினோம். ஆக்ஸிலுக்குள் பிரேக் தட்டும் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. அதனால் பிரேக்குக்கு ஏற்ற ஆக்ஸில் ஆயிலைத் தவிர வேறு எதையும் ஊற்றுவதில்லை.

போன வாரம் ஆயில் மாற்றும்போது கேஜை மாட்டினேன். சூட்டில் ஃபார்வர்டு 16, ரிவர்ஸ் 16, இரண்டாம் கியர் 15.5. மற்றவற்றைவிட அரை பார் குறைவு. ஃபில்டர் காகிதத்தில் இரண்டு மூன்று மினுக்கம், அவ்வளவுதான். நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இனி 1,000 மணி நேரம் காத்திருக்காமல் 500-லேயே மறுபடி அளக்கப் போகிறேன்.