இரைச்சல் நீக்கும் ஹெட்போன்: வெளிநாட்டில் இருந்து பாட்டு கேட்பவர்களுக்கு எவ்வளவு உதவும்?

வெளிநாட்டுக்குக் குடிபோனவர்கள் சீக்கிரமே வாங்கிவிடும் சாமான்களில் இதுவும் ஒன்று. காதை முழுசாக மூடும், சுற்றுப்புறச் சத்தத்தைக் குறைக்கும் ப்ளூடூத் ஹெட்போன். மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் நடுத்தர விலைக்கு மேலே போனால் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. இதன் பேஸ் எப்படி, ட்ரெபிள் எப்படி என்று மணிக்கணக்கில் பேசுகிற வீடியோக்கள் ஏராளமாக இருக்கின்றன, அதை அந்த வீடியோக்காரர்களே பார்த்துக்கொள்ளட்டும். வேலை, ரயில், வீட்டுக்கு வீடியோ கால், ராத்திரி தூங்கும் முன் நாலு பழைய பாட்டு என்று ஓடுகிற நாளில் இது எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பது மட்டும் இங்கே.

இரைச்சல் நீக்கம் என்றதும், பக்கத்து அறைக்காரர் போனில் பேசுவது இனி கேட்கவே கேட்காது என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம். கேட்கும். வெளிப்பக்கம் இருக்கும் மைக் சத்தத்தைப் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் சிப் அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்குகிறது, இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்துக்கு இது பிரமாதம்: ரயிலின் உறுமல், விமான இன்ஜின், ஹீட்டர், ஃப்ரிட்ஜ். ஒலி கூர்மையாகி ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 1000 அதிர்வு) மேலே போனால் இந்த வித்தை பலிப்பதில்லை, காதைச் சுற்றியிருக்கும் மெத்தை தடுத்தால்தான் உண்டு. பேச்சு புரிவதற்கு முக்கியமான மெய்யொலிகளோ பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் இருக்கின்றன. அதனால் ரயில் உறுமல் அடங்கியதும் பின் சீட்டுக்காரரின் குடும்பக் கதை முன்பைவிடத் தெளிவாகக் காதில் விழும்! மெலிதாக ஒரு பாட்டை ஓடவிட்டால்தான் அது மறையும்.

சரி, அப்புறம் எதற்கு இது? என்னைக் கேட்டால் ஒரே காரணம் போதும், வால்யூம். சாதாரண இயர்போனில் ரயில் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேட்க வேண்டுமானால் ஏற்றிக்கொண்டே போக வேண்டும், தினமும் போக வர அதே கதை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10. தனியாக இருப்பவர்கள் சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, நடக்கும்போது என்று எந்நேரமும் எதையாவது காதில் போட்டுக்கொண்டே இருப்பதால் இந்தக் கணக்கு வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். இந்த ஹெட்போனில் பாதி வால்யூமிலேயே பாடல் வரி புரிகிறது.

பழைய பாட்டு கேட்பவர்களுக்கு இதில் ஒரு சுகமும் உண்டு, ஒரு வேதனையும் உண்டு. ஐம்பது, அறுபதுகளின் சினிமாப் பாடல்கள் மோனோ ஒலிப்பதிவு. எல்லா வாத்தியமும் ஒரே இடத்திலிருந்து வரும், அதாவது தலைக்கு நடுவிலிருந்து. சுற்றிலும் அமைதியாக இருக்கும்போது அந்த நெரிசலுக்குள்ளும் குரலுக்குப் பின்னால் மெதுவாக இழுக்கும் வயலின், சரணம் தொடங்கும் முன் பாடகர் மூச்சு வாங்குவது எல்லாம் கேட்கிறது. வேதனை என்னவென்றால் டேப்பின் 'ஸ்ஸ்' சத்தமும் அதே தெளிவில் கேட்கும், அது பதிவுக்குள்ளேயே இருப்பதால் எந்த ஹெட்போனும் அதைத் தொடாது. ஆனால் அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டீரியோவாக மாற்றுகிறேன் என்று எதிரொலியை அள்ளிக் கொட்டிய பதிப்புகள் இருக்கின்றனவே, மட்டமான ஸ்பீக்கரில் தப்பித்துவிடும், இதில் போட்டால் பாடகர் கிணற்றுக்குள் நின்று பாடுவது போல இருக்கிறது. ஒரே பாட்டுக்கு நாலைந்து பதிப்பு இருந்தால் மோனோவைத் தேடிப் போடுங்கள்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த ஸ்டீரியோ பாட்டுகளுக்குப் பிரச்சினை வேறு. அலுவலகத்தில் கூப்பிட்டால் கேட்க வேண்டுமே என்று ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டு கேட்டால் தபேலா ஒரு பக்கம், கிடார் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்ததில் பாதி காணாமல் போகும். போனின் அணுகல்தன்மை அமைப்புக்குள் மோனோ ஆடியோ என்று ஒன்று இருக்கிறது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. அதை ஆன் செய்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே காதில் வரும்.

இதன் பலவீனம் வீட்டுக்குப் பேசும்போது தெரிகிறது. லேப்டாப்பில் அருமையாகப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், அம்மாவின் வீடியோ கால் வரும், எடுத்த அடுத்த நொடியே சத்தம் பழைய லேண்ட்லைன் தரத்துக்கு இறங்கிவிடும். ஹெட்போன் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பாட்டு கேட்க ப்ளூடூத் ஒரு வழிமுறையைப் பயன்படுத்துகிறது, மைக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமானால் இன்னொன்றுக்கு மாறிவிடுகிறது, இந்த இரண்டாவதில் தரம் ரொம்பக் குறைவு. தீர்வு சுலபம்: கால் அமைப்பில் மைக்காக லேப்டாப்பில் இருப்பதையே தேர்வு செய்துவிட்டு, கேட்பதற்கு மட்டும் ஹெட்போனை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலும் அந்தப் பக்கம் நன்றாகவே போகும். எல்இ ஆடியோ என்ற புதிய ப்ளூடூத் முறையில் இந்தத் தொல்லை குறைகிறது, ஆனால் ஹெட்போனும், அது இணையும் போனோ லேப்டாப்போ அதுவும் அதை ஆதரிக்க வேண்டும்.

ஆன்லைன் வகுப்பில் பாட்டு கற்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். ஹெட்போனின் இரைச்சல் நீக்கம் தம்புரா சுருதியை விழுங்கிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். விழுங்காது, அது வெளியிலிருந்து வரும் சத்தத்தை மட்டும்தான் கழிக்கிறது. விழுங்குவது வீடியோ கால் செயலி. விடாமல் ஒரே மாதிரி வரும் ஒலியை ஃபேன் சத்தம் என்று முடிவு கட்டி அது அழித்துவிடும், ஆசிரியரோ அந்தப் பக்கம் சுருதியே இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ஜூமில் இசைக்கலைஞர்களுக்காகவே அசல் ஒலியை அப்படியே அனுப்பும் வசதி உண்டு, அதை ஆன் செய்துவிட வேண்டும். வகுப்புக்கு வயர் ஹெட்போன்தான் நல்லது, ப்ளூடூத்தில் வரும் தாமதத்தில் தாளம் போட்டால் கை எங்கேயோ, பாட்டு எங்கேயோ என்று போகும்.

தெருவில் நடக்க இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். வண்டி வருவது கேட்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்றடிக்கும்போது அது மைக்கில் நேராக மோதி, நீக்க வேண்டிய கருவியே புரபுரவென்று ஒரு புதுச் சத்தத்தைக் காதுக்குள் கொண்டுவருகிறது, அணைத்துவிட்டு நடப்பதே மேல். குளிர் நாடுகளில் கையுறையோடு தொடுதிரை மாதிரியான கட்டுப்பாடு வேலை செய்வது சந்தேகம், அமுக்கும் பட்டன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடுங்குளிரில் பேட்டரியும் தற்காலிகமாகக் குறைந்து போகும், உள்ளே வந்து ஹெட்போனின் குளிர் விட்ட பிறகு சார்ஜ் போடுவது நல்லது. கண்ணாடி போடுபவர்களுக்கு அதன் காம்பு மெத்தையைத் தூக்கிவிடுவதால் இடைவெளி விழுந்து பேஸும் குறையும், இரைச்சலும் நுழையும், ஆகவே கடையில் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள்.

ரயிலில் இன்னொரு சிக்கல். பாதி மட்டும் புரிகிற மொழியில் வரும் அறிவிப்பை, பாட்டுக்கு நடுவே சட்டென்று கழற்றிக் கேட்டால் அந்தப் பாதியும் புரியாது. பிளாட்பாரம் மாற்றம், ரத்து எல்லாம் அப்படித்தான் தவறிப்போகின்றன. வெளிச் சத்தத்தை உள்ளே விடும் முறை பெரும்பாலானவற்றில் இருக்கிறது, ஊர் பழகும் வரை அதிலேயே வைத்திருப்பது உத்தமம்.

எவ்வளவு நல்ல ஹெட்போன் வாங்கினாலும் செயலியில் பாட்டு இருந்தால்தானே? பாடல் உரிமைகள் நாடுவாரியாக விற்கப்படுவதால் நாடு மாறினால் சேர்த்து வைத்த பட்டியலில் சில பாட்டுகள் சாம்பல் நிறமாகிவிடும், தட்டினாலும் ஓடாது. ஸ்பாட்டிஃபையின் இலவசக் கணக்கு என்றால் வெளிநாட்டில் 14 நாள்தான், அதன் பிறகு கணக்கில் இருக்கும் நாட்டின் பெயரை மாற்றியாக வேண்டும். கட்டணக் கணக்கில் இறக்கி வைத்தவற்றுக்கும் 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும். ரொம்பப் பிடித்த பாடல்களைக் காசு கொடுத்துக் கோப்பாக வாங்கிப் போனில் வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

வாங்கும் இடம் முக்கியம். சொந்த ஊரில் மலிவு என்று யாரிடமாவது சொல்லிக் கொண்டுவரச் செய்தால், பல நிறுவனங்களில் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். கீல் உடைவதும் மெத்தை உரிவதும் இந்த வகையில் சாதாரணம், கழற்றி மாற்றக்கூடிய மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று முதலிலேயே தேடிப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் அந்த மாடலே வேண்டாம்.