முறிகண்டிக்கு அருகே ஒரு தானியக் கடை

ஏ9 வீதியால் பயணம் செய்பவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டு, ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவது வழக்கம். அந்தக் கச்சான் கடைகளைத் தாண்டிக் கிளிநொச்சிப் பக்கமாகச் சிறிது தூரம் சென்றால், கிடுகால் வேய்ந்த சிறிய கடையொன்றில் நான்கு பெண்கள் சேர்ந்து தவிடு நீக்காத நாட்டரிசி, குரக்கன் மா, உழுந்து, பயறு, எள்ளு ஆகியவற்றை விற்கிறார்கள். காலையில் இலைக்கஞ்சியும் கொடுக்கிறார்கள். அம்மாவுக்குச் சலரோகம் இருப்பது தெரியவந்த பின்னர், கடந்த ஆறு மாதங்களாக எங்கள் வீட்டுக்கான தானியம் முழுவதையும் அங்கேதான் வாங்கி வருகிறேன்.

அந்தக் கடைக்கு நான் மீண்டும் மீண்டும் போவதற்கு முதற் காரணம் அரிசிதான். முதல் நாள், "அக்கா, இந்த மொட்டைக்கறுப்பன் எத்தனை தரம் தீட்டினது?" என்று கேட்டேன். "உமி மட்டும்தான் போக்கினது தங்கச்சி, தவிடு அப்பிடியே கிடக்கு, பாருங்கோ" என்று ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் போட்டார். ஒவ்வொரு மணியிலும் செந்தவிடு குலையாமல் இருந்தது. நுனியில் முளை ஒட்டியிருந்தது. அரிசியின் நார்ச்சத்து, இரும்புச்சத்து, விற்றமின் பி1 ஆகியவற்றின் பெரும்பகுதி இருப்பது இந்தத் தவிட்டிலும் முளையிலுமே. வெள்ளையாகத் தீட்டும்போது நாம் இழப்பதும் அதையே. தீட்டிய அரிசியை மட்டும் தின்ற கோழிகளுக்கு நரம்புத் தளர்ச்சி வந்ததையும், தீட்டாத அரிசியைக் கொடுத்தபோது அவை தேறியதையும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாவாவில் கண்டறிந்த மருத்துவர் ஐக்மன், அதற்காக 1929இல் நோபல் பரிசு பெற்றார். நம்மவர்கள் நெல்லை அவித்துப் புழுக்கியதிலும் ஒரு நன்மை இருக்கிறது: அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி விற்றமின்களில் ஒரு பங்கு மணியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுகிறது. இந்த அரிசி வேக நேரம் எடுக்கும் என்பதால் நான் இரவே ஊறவைத்துவிடுகிறேன். அம்மா முன்னரைவிடக் குறைவாகவே சாப்பிடுகிறார், ஆனாலும் அடுத்த வேளைக்கு முன் பசிக்கிறது என்று சொல்வதில்லை.

குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவில்தான். தானியத்திலுள்ள பைற்றேற்று என்ற பொருள் கல்சியத்தையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்வதால் அவை முழுமையாக உடலில் சேர்வதில்லை. இக்கடையில் குரக்கனை ஊறவைத்து, முளைகட்டி, வெயிலில் உலர்த்தி அரைக்கிறார்கள். அதனால் அந்தப் பொருள் குறைகிறது. இந்தப் பக்குவத்தைச் செய்பவர்களை வேறெங்கும் நான் காணவில்லை.

இலைக்கஞ்சியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். முருங்கையிலையும் வல்லாரையும் இடித்துப் பிழிந்த சாற்றைச் சிவப்புப் பச்சையரிசிக் கஞ்சியில் கடைசியாக விட்டு, ஒரு கொதியுடன் இறக்கி, பாதித் தேசிக்காயோடு தருகிறார்கள். தேசிப்புளியிலுள்ள விற்றமின் சி, இலையிலுள்ள இரும்பை உடல் உறிஞ்சத் துணைசெய்கிறது. அதே மேசையில் கஞ்சி முடிந்த கையோடு பிளேன்ரீ ஊற்றுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. தேயிலைச் சாயம் அந்த இரும்பைத் தடுத்துவிடும் என்பதால், தேநீரை ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது.

குறைகளும் இருக்கின்றன. குரக்கன் புட்டில் பாதிக்குப் பாதி கோதுமை மா கலந்திருக்கிறது. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள், ஆனால் பலகையில் எழுதவில்லை. அந்தப் பலகையில் "சலரோகம் மாறும்" என்று எழுதியிருப்பது அதைவிடப் பெரிய பிழை. முழுத்தானியம் சாப்பிட்ட பின் குருதியில் சீனி மெதுவாக ஏற உதவும், அது மருந்தாகாது. என் அம்மா குளிசைகளை நிறுத்தவில்லை, நிறுத்தவும் விடமாட்டேன். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்: இலைவகை, பருப்பு, தவிட்டரிசி ஆகியவற்றில் பொற்றாசியமும் பொசுபரசும் கூடுதலாக உள்ளதால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் எவ்வளவு சாப்பிடலாம் என்று வைத்தியரைக் கேட்ட பின்னரே வாங்க வேண்டும்.

மாரி காலத்தில் வாங்கிய ஒரு பொதி குரக்கன் மா காறல் மணம் அடித்தது. முளையோடு அரைத்த மாவில் எண்ணெய் காற்றுப்பட்டு விரைவில் கெடும். பொதியிலோ அரைத்த திகதி இல்லை. கொண்டுபோய்க் காட்டியதும் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள், ஆயினும் திகதி இன்னும் ஒட்டப்படவில்லை. முளைகட்டிய தானியத்தைத் தெரிவுசெய்து கொடுத்தால் கண்முன்னேயே அரைத்துத் தருகிறார்கள் என்பதால், நான் இப்போது இரண்டு கிழமைக்கு ஒரு கிலோ வீதம் அப்படித்தான் வாங்குகிறேன். கஞ்சி எட்டரைக்குள் முடிந்துவிடும்.