மருந்தாலை, ஆராய்ச்சிக்கூடம், பள்ளிக்கூடம்: எம்.எஸ்சி. வேதியியலுக்குப் பின் எந்த வழி?

நான் படித்த அதே துறையில் இப்போது எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருத்தி சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்து, “அக்கா, மருந்துக் கம்பெனி வாக்-இன் இன்டர்வியூ போயிடட்டுமா, பி.எட். சேரட்டுமா, இல்ல நெட் எழுதிட்டு பிஎச்.டி. பண்ணட்டுமா?” என்று கேட்டாள். (நெட் என்பது ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்கும் தகுதி தரும் தேசியத் தேர்வு.) 2013-இல் படிப்பை முடித்தபோது நானும் இதே கேள்வியோடுதான் நின்றேன். நான்கு ஆண்டுகள் மருந்தாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்துவிட்டு, பிறகு பி.எட். படித்து, இன்று அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். மூன்றாவது வழியில் போன தோழியோடு இன்றும் வாரம் ஒருமுறை பேசுகிறேன். ஆகவே மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு ஓரளவு தகுதி உண்டு என்று நம்பி இதை எழுதுகிறேன்.

எங்கள் வகுப்பில் 24 பேர். அவர்களில் 17 பேர் பெண்கள். இன்று ஐந்து பேர் மருந்தாலைகளில் இருக்கிறார்கள். ஒன்பது பேர் பள்ளியிலோ கல்லூரியிலோ கற்பிக்கிறார்கள். மூன்று பேர் முனைவர் பட்டம் பெற்றார்கள். நான்கு பேர் வங்கித் தேர்வு, தேர்வாணையத் தேர்வு என்று எழுதி வேதியியலை விட்டு வெளியேறினார்கள். மூன்று பேர் வேலைக்குப் போகவில்லை. மூவரும் பெண்கள், அவர்களில் ஒருத்தி வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவள்.

இந்த வழிகளை எல்லோரும் தொடக்கச் சம்பளத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். அந்தக் கணக்கு முதல் ஆறு மாதங்களுக்கு மட்டுமே பொருந்தும். என் அனுபவத்தில், ஒவ்வொரு வழியின் கதவும் எந்த வயதில், எந்த ஆண்டில் அடைபடுகிறது, உள்ளே போனபின் கற்ற வேதியியல் கையில் எத்தனை ஆண்டு நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளே முடிவைத் தீர்மானிக்க வேண்டியவை.

மருந்தாலையின் கதவுதான் முதலில் திறக்கிறது, முதலில் அடைபடுவதும் அதுவே. ஆலத்தூர், கடலூர் சிப்காட், புதுச்சேரி, ஓசூர் என்று அருகிலும், ஐதராபாத்தின் ஜீடிமெட்லா, பாஷமைலாரம், விசாகப்பட்டினத்தை அடுத்த பரவாடா என்று தொலைவிலும் ஆலைகள் இருக்கின்றன. வாக்-இன் விளம்பரங்களில் அனுபவமில்லாதவர்களுக்கு என்று வரும் இடங்களைப் பார்த்தால், படிப்பு முடித்த ஆண்டு இதுவாகவோ சென்ற ஆண்டாகவோ இருக்க வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். மூன்று ஆண்டுகள் வீட்டிலிருந்து தேர்வுக்குப் படித்துவிட்டுப் போனால், நேர்காணலில் முதல் கேள்வியே இடைவெளியைப் பற்றியதாக இருக்கும்.

உள்ளே நடக்கும் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கல்லூரியில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இரவு ஷிஃப்டில் ஒரு மாத்திரைத் தொகுதியின் மருந்தளவைச் சோதிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்பேட் தாங்கல் கரைசலைத் தயாரித்து, பி.எச். சரிபார்த்து, அசிட்டோநைட்ரைலோடு கலந்து, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, சோனிகேட்டரில் வைத்துக் காற்றுக் குமிழ்களை நீக்க வேண்டும். கலவையைப் பிரித்து அளவிடும் எச்.பி.எல்.சி. கருவியில் சி-18 பிரிப்புக் குழாயை மாட்டி, திரையில் ஓடும் அடிக்கோடு நேராகும்வரை முக்கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பிறகு நியமக் கரைசலை ஐந்தாறு முறை செலுத்தி, கிடைக்கும் உச்சிகளின் பரப்புகளுக்கிடையே உள்ள மாறுபாடு 2 விழுக்காட்டுக்குள் வந்தால்தான் மாதிரியைத் தொடவே முடியும். ஐந்தாவது ஓட்டம் வரை ஒழுங்காக வந்து, ஆறாவதில் மாறுபாடு 2.3 என்று திரை காட்டும்போது மணி இரண்டரை ஆகியிருக்கும். பதிவேட்டில் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால், அதன்மேல் எழுதக் கூடாது, வெண்மை பூசக் கூடாது; அடியிலிருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, சரியான எண்ணை எழுதி, காரணமும் தேதியும் குறித்துக் கையெழுத்திட வேண்டும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர் வந்தால் முதலில் புரட்டுவது அந்தப் பதிவேட்டைத்தான். இந்த ஒழுங்கை நான் மிகவும் மதிக்கிறேன். பகுப்பாய்வில் நேர்மை என்பது என்னவென்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஒற்றைக் கோடுதான்.

ஆனால் இரண்டாம் ஆண்டிலும் அதே மாத்திரை, அதே பிரிப்புக் குழாய், அதே உச்சி. அன்றாடச் சோதனையிலேயே இருப்பவர்களுக்கு மூன்றாம் ஆண்டோடு கற்றல் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு ஊதிய உயர்வு வேண்டுமென்றால் கம்பெனி மாறுவதுதான் வழி. எங்கள் ஐவரில் உயர்ந்தவர்கள் இருவர். இருவருமே மூன்றாம் ஆண்டுக்குள் அன்றாடச் சோதனையிலிருந்து சோதனை முறைகளை உருவாக்கிச் சரிபார்க்கும் பிரிவுக்குக் கேட்டு வாங்கி மாறியவர்கள். அங்கே தாங்கல் கரைசலின் பி.எச்.-ஐ ஏன் 3-இல் வைக்க வேண்டும், 6-இல் வைத்தால் எந்த மாசு எந்த உச்சியோடு ஒட்டிக்கொள்ளும் என்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. கல்லூரியில் படித்த அமில மாறிலிக்கு அப்போதுதான் வேலை வருகிறது. நான் கேட்கவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் தூங்கினேன். நெட் புத்தகங்களைப் பெட்டியில் வைத்தபடியே நான்கு ஆண்டுகள் கழிந்தன. “வேலையில் இருந்துகொண்டே தேர்வுக்குப் படிக்கலாம்” என்று சொல்பவர்கள் சுழற்சி ஷிஃப்டில் ஒரு மாதம் இருந்து பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி வழியில் சம்பளத்துக்கு நிகரான உதவித்தொகை உண்டு என்பதைப் பல பெற்றோர் இன்னும் அறியவில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) தகுதி பெற்றால், 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆய்வாளராகும்போது 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் கிடைக்கின்றன. நாங்கள் படித்து முடித்த ஆண்டில் இதே தொகை 16,000 ரூபாய்தான். அதனால்தான் அன்று வீட்டில் ஆராய்ச்சி என்றால் முகம் சுளித்தார்கள். இன்று அதே தயக்கத்துக்கு அடிப்படை இல்லை.

தேர்வு கடினமானதுதான். வேதியியல் தாளில் 200 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 100 மதிப்பெண், மூன்றாம் பகுதியின் 60 கேள்விகளில் 25-ஐத் தேர்ந்து எழுதுவதில் இருக்கிறது. நம் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மனப்பாடம் செய்து முதல் வகுப்பு வாங்கியவர்கள் தடுமாறுவது இங்கேதான். கரிம வினையின் வழிமுறையையும், நிறமாலைத் தரவிலிருந்து மூலக்கூறின் அமைப்பையும் காகிதத்தில் தானே போட்டுப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் பகுதி கைகொடுக்கும். எம்.எஸ்சி. இறுதியாண்டிலேயே, முடிவு வருவதற்கு முன்பே எழுதலாம் என்பதுதான் இந்த வழியின் பெரிய சலுகை. அப்போது பாடம் சூடாக இருக்கிறது, இழப்பதற்கு வேலையும் இல்லை. ஜே.ஆர்.எஃப்.-க்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கு அதில் ஐந்து ஆண்டுகள் தளர்வும் உண்டு. இந்தத் தளர்வை அறியாமலேயே என் வகுப்புத் தோழியர் இருவர் திருமணத்துக்குப் பின் “வயசாகிவிட்டது” என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இன்றும் தாங்காத செய்தி இது.

தகுதி பெற்றபின் எங்கே சேர்வது என்பதில் தமிழ்நாட்டு மாணவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், வள்ளல் அழகப்பர் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்து 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியும் இங்கேயே இருக்கின்றன. மின்கலம், அரிமானம், மின்முலாம் என்று சிக்ரியில் நடக்கும் ஆராய்ச்சி, மின்சார வாகனங்கள் பெருகும் இந்தக் காலத்துக்கு நேராகப் பொருந்துவது.

என் தோழி மின்முனைப் பொருள்களில் ஐந்தரை ஆண்டுகள் ஆராய்ந்து பட்டம் பெற்று, தென்கொரியாவில் முதுமுனைவர் ஆய்வில் மூன்று ஆண்டுகள் இருந்து, இப்போது ஒரு மின்கல நிறுவனத்தில் இருக்கிறாள். எங்கள் 24 பேரில் இன்றும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவள் அவள் ஒருத்திதான். பட்டம் பெற்ற மற்ற இருவரும் கல்லூரி ஆசிரியர் பணிக்குக் காத்திருக்கிறார்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்கவேண்டிய தேர்வு தள்ளிப்போனது. அதற்குள் கௌரவ விரிவுரையாளராகக் காலம் தள்ளுகிறார்கள். அவர்கள் ஆய்வு மாணவர்களாக வாங்கியிருக்கக்கூடிய தொகையைவிடக் குறைந்த ஊதியம் அது. ஆகவே ஆராய்ச்சியை ஆசிரியர் பணிக்கான படிக்கட்டாக மட்டும் எண்ணி ஏறுபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். உதவித்தொகை இல்லாமல், “எப்படியாவது ஒரு பிஎச்.டி.” என்று சேர்வதை இன்னும் அழுத்தமாகத் தடுப்பேன்.

பி.எட். வழியைப் பற்றிச் சொல்லும்போது என் சொந்தக் கணக்கையே வைக்கிறேன். 2013-இல் அது ஓராண்டுப் படிப்பு. 2015-இல் இரண்டாண்டாயிற்று. நான் வேலையை விட்டுச் சேர்ந்தது 2017-இல். ஆலையில் கழித்த ஆண்டுகளுக்கு நான் கொடுத்த விலையில் அந்தக் கூடுதல் ஆண்டும் சேரும். 2019-இல் முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது என் பி.எட். முடிவு வரவில்லை, விண்ணப்பிக்க இயலவில்லை. அடுத்த அறிவிப்பு 2021-இல்தான் வந்தது, தேர்வு 2022 பிப்ரவரியில் நடந்தது. அந்த இடைவெளியில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். பெருந்தொற்றுக் காலத்தில் பாதிச் சம்பளம், சில மாதங்களில் அதுவும் இல்லை. நான் எழுதியதற்கு அடுத்த முதுநிலை ஆசிரியர் அறிவிப்பு 2025 ஜூலையில் வெளியானது. இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையில் மூன்றரை ஆண்டுக்கு மேல். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் காலண்டரை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடுபவர்கள் இந்த இடைவெளிகளை மனத்தில் இருத்த வேண்டும்.

தேர்வில் 150 மதிப்பெண்ணில் 110 வேதியியலுக்கே உரியது. நெட் தேர்வுக்கு ஊன்றிப் படித்தவர்களுக்கு இது எளிதாக வசப்படுகிறது. கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10, தனியே ஒரு தமிழ்த் தகுதித் தாள். தேர்ந்தால் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய், அகவிலைப்படி தனி. ஆலையில் என்னோடு சேர்ந்து பத்தாண்டுகளைத் தாண்டியவர்களில் பலர் இந்தத் தொகைக்கு அருகில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்கு இரவு ஷிஃப்டும் உண்டு.

வேதியியல் கையில் நிற்குமா என்ற கேள்விக்குப் பள்ளி தந்த விடை எனக்கே வியப்பாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்கும்போது, கரைசலை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகும் முதல் சில துளிகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும். பிறகு துளி விழுந்த நொடியிலேயே மறையும். சென்ற ஆண்டு ஒரு மாணவன் கூம்புக் குடுவையைக் கையில் பிடித்தபடி, “மிஸ், முதல்ல ஏன் இவ்வளவு நேரம் எடுத்துச்சு?” என்றான். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே அடுத்த துளிகளுக்கு வினைவேக மாற்றியாகிறது என்று சொல்லி, அடுத்த குடுவையில் ஒரு சிட்டிகை மாங்கனீசு சல்பேட்டைப் போட்டுக் காட்டினேன். முதல் துளியே சட்டென்று மறைந்தது. நான்கு ஆண்டு ஆலை வேலையில் இப்படி ஒரு ‘ஏன்’ என்னிடம் யாரும் கேட்டதில்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே ஒரு வழி இருக்கிறது. அதை மாணவர்கள் ஏனோ கணக்கில் எடுப்பதில்லை. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் மூட உத்தரவிட்டதற்குப் பின், கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்பு நிலையங்கள் அங்கே தவிர்க்க முடியாதவையாயின. வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் பட்டறைப் பகுதிகளிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. டைகுரோமேட்டோடு இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து வேதி ஆக்சிஜன் தேவையைக் கணக்கிடுவதும், 27 டிகிரியில் மூன்று நாள் வைத்து உயிரி ஆக்சிஜன் தேவையைப் பார்ப்பதும் அங்கே அன்றாட வேலை. சொந்த ஊருக்கு அருகில் இருக்க வேண்டியவர்களுக்கு இது ஐதராபாத்தைவிட மேலானது என்பேன். வங்கி, தேர்வாணையத் தேர்வு என்று போன நால்வரும் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அங்கே வேதியியல் பட்டம் வெறும் தகுதிச் சான்று.

எனவே அந்த மாணவிக்கு வரிசையைத்தான் சொன்னேன். இறுதியாண்டில் கைக்கு எட்டும் நெட்டை முதலில் எழுது, தவறினால் அடுத்த முறையும் எழுது. அதற்குப் படித்தது எதுவும் வீணாகாது, ஆசிரியர் தேர்வின் 110 மதிப்பெண்ணும் அதே பாடம்தான். இரண்டு முறையும் கிடைக்கவில்லை, வீட்டுக்கு உடனே வருமானம் வேண்டும் என்றால், இடைவெளி நீளுமுன் மருந்தாலைக்குப் போ. மூன்று ஆண்டுக்குள் சோதனை முறை உருவாக்கும் பிரிவுக்கு மாற்றிக் கேள். உடனடித் தேவை இல்லையென்றால் அதே ஆண்டில் பி.எட். சேர், என்னைப்போல ஆலைக்குப் போய் நான்கு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வராதே.

“அப்பா பி.எட். விண்ணப்பத்தை ஏற்கெனவே வாங்கி வச்சுட்டாருக்கா” என்றாள். அது வீட்டிலேயே இருக்கட்டும், நெட் கட்டணம் கட்டிவிட்டாயா என்று கேட்டேன். கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அன்றிரவு பத்து மணிக்குக் கட்டணம் செலுத்திய ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள்.