பழைய பத்திரிகை என்று விற்கிறார்கள், கவனம்

வன்னியில் வாசிகசாலையோ பள்ளிக்கூடமோ நடத்துகிறவர்கள் தயவுசெய்து இதை ஒருக்கால் வாசியுங்கள். "1950, 60களில் வந்த அசல் தமிழ்ப் பத்திரிகைகள் விற்பனைக்கு" என்று பேஸ்புக்கில் ஒருவர் போட்டிருந்ததை நம்பி, எங்கள் சனசமூக நிலையம் 18,000 ரூபாய் கொடுத்து 20 பத்திரிகைகள் வாங்கியது. இருபதும் போலி.

எதற்கு வாங்கினோம் என்றால், சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளோடு ஒரு விளையாட்டு நடத்துகிறோம். பழைய தலைப்புச் செய்தி ஒன்றைச் சொல்வோம். அதனால் அடுத்த நாள் எங்கள் ஊரில் என்ன நடந்திருக்கும் என்று அவர்கள் எழுத வேண்டும். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிய செய்திக்கு ஒரு பெடியன் எழுதினான்: பரந்தன் மாடுகள் ரயில் சத்தத்தை வைத்துத் தாங்களாகவே பட்டிக்குத் திரும்பப் பழகியதால், மேய்க்கிறவருக்கு வேலை போய்விட்டதாம். 1970 தேர்தலில் "சந்திரனில் இருந்தாவது அரிசி தருவோம்" என்று பேசியதாகச் சொல்வார்களே, அதற்கு இன்னொரு பிள்ளை, உருத்திரபுரத்துக் கமக்காரர் எல்லாரும் நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போய், "அங்க எந்தக் குளத்தால தண்ணி பாயுது?" என்று கேட்டு நின்றதாக எழுதினாள். எனக்கு மிகவும் பிடித்தது, மனிதன் சந்திரனில் இறங்கிய செய்திக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதியது: "அண்டைக்கு இரவு அம்மம்மா முற்றத்தில வைச்சுச் சோறு தீத்தேல்லை. மேல நிக்கிறவை பசியோட பாத்துக்கொண்டு இருப்பினம் எண்டு சொல்லிப்போட்டா."

இவ்வளவும் பெரியவர்கள் வாயால் சொன்னதை வைத்து நடந்தது. கையில் கொடுத்துக் காட்ட எங்களிடம் ஒரு தாள் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகமும் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் எரிந்தது எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் இருந்தவை 2008, 2009 இடப்பெயர்வுகளோடு போயின. உழவு மெசினில் அரிசியும் பாயும் ஏற்றுவார்களே தவிர, பழைய பேப்பரை யார் ஏற்றுவார்கள்? அதனால்தான் அந்த விளம்பரத்தைக் கண்டதும் யோசிக்காமல், சேர்த்த காசை விற்றவரின் வங்கிக் கணக்கில் போட்டோம்.

பார்சல் வந்த அன்றே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அதில் ஒரு தலைப்பு, இரணைமடுக் குளத்தில் தங்கப் படிவு கண்டுபிடிப்பு என்று இருந்தது. ஒரு பிள்ளை இரண்டு பக்கம் எழுதினாள். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயலில் கதிர் எல்லாம் தங்கமாக விளைந்ததாம், அருவி வெட்ட ஆட்கள் வராமல் நகைப் பத்தர்மார் சின்னச் சுத்தியலோடு வரம்பில் வந்து நின்றார்களாம். நாங்கள் எல்லாரும் கைதட்டினோம்.

அடுத்த நாள் எங்கள் ஊர் ஐயா ஒருவர் வந்தார். யாழ்ப்பாணத்தில் அச்சகத்தில் முப்பது வருசம் எழுத்துக் கோத்தவர். தாளை எடுத்தார், வாசிக்கவில்லை. திருப்பி, எழுத்து அழுந்திய தடம் இருக்கிறதா என்று பின்பக்கத்தைப் பெருவிரலால் மெல்லத் தடவினார். "தம்பி, இதில ஈய எழுத்து அழுத்தினதே இல்லை" என்றார். பிறகு "விலை" என்ற சொல்லைக் காட்டினார். அந்தக் காலத்து லை, னை, ளை எழுத்துகளுக்கு யானைத் தும்பிக்கை போல வளைவு இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல்தான் இப்போதைய வடிவத்தை அரசு கொண்டுவந்தது, எங்கள் பக்கத்துக்கு அது இன்னும் பிந்தித்தான் வந்தது. 1960 என்று போட்ட பத்திரிகையில் இன்றைய லை எப்படி வரும்? விரலை நனைத்துத் தேய்த்தார், மை நீலமாகக் கரைந்து ஓடியது. உண்மையான பழைய தாள் ஓரத்தில் கடும் பழுப்பாகவும் உள்ளே வெளிறியும் இருக்கும். இது முழுக்க ஒரே நிறம். மணந்து பார்த்தால் தேயிலைச் சாயம்.

சந்திரனில் மனிதன் நடந்த செய்தியும் கட்டுக்குள் இருந்தது, 1969 ஜூலை 20 என்ற திகதியோடு. ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தது இலங்கை நேரப்படி 21ஆம் திகதி காலை எட்டரை மணியளவில். முதல் நாள் பத்திரிகை அதை எப்படிப் போடும்?

விற்றவருக்கு எடுத்துச் சொன்னேன். "அண்ணை, பழைய பேப்பர் மாதிரி எண்டுதானே நான் சொன்னனான்" என்றார். விளம்பரத்தைப் படம் பிடித்து அனுப்பினேன். அதோடு பேஸ்புக்கில் என்னைத் தடுத்துவிட்டார். இப்போது வேறு பெயரில் அதே படங்களைப் போட்டிருக்கிறார், முல்லைத்தீவில் ஒரு ஆசிரியர் விலை பேசிக்கொண்டிருந்தபோது எங்களுக்குத் தெரியவந்தது.

காசு போனது ஒருபக்கம். தங்கக் கதை எழுதிய பிள்ளையிடம் விசயத்தைச் சொன்னபோது, "அப்ப ஆரோ ஒராள் ஏற்கெனவே விட்ட புளுகுக்கு மேலயோ நான் எழுதினனான்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. தலைப்பு உண்மையாக இருந்தால்தான் இந்த விளையாட்டில் சிரிப்பு வரும், பொய் சொல்லும் பங்கு பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

பழைய பத்திரிகை தேவைப்படுகிறவர்கள் "நூலகம்" என்ற பெயரில் உள்ள இணையத்தளத்தைப் பாருங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி இலவசமாகப் போட்டு வருகிறார்கள். நாங்கள் இப்போது அங்கிருந்து எடுத்து, கிளிநொச்சி ரவுணில் பிரதி அடித்துப் பாவிக்கிறோம். அசலே வேண்டுமென்றால் நேரில் பார்க்காமல் காசு போடாதீர்கள். போலிகளில் ஒன்றை வாசிகசாலை மேசையில் வைத்திருக்கிறோம். வாங்கும் யோசனை இருப்பவர்கள் வந்து அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் போங்கள்.